ஆவணக் காப்பகத் துறையில் படிப்போருக்கு உதவித்தொகை எங்கே கிடைக்கும்?

கேள்வி: நெசவாளர் மகள்

அனைவருக்கும் வணக்கம். இளநிலையில் வரலாறு படித்துவிட்டு, இப்போது நூலக மற்றும் தகவல் அறிவியலில் முதுநிலை இறுதியாண்டு படித்து வருகிறேன். பட்டியலாக்கத்தையும் பகுப்பாக்கத்தையும் விரிவாகக் கற்பிக்கிறார்கள். ஆனால் அச்சிடப்படாத பழைய கோப்புகளையும் கடிதங்களையும் எப்படி வரிசைப்படுத்திக் காப்பது என்பது ஒரே ஒரு அலகோடு முடிந்துவிடுகிறது. எனக்கு விருப்பமோ அந்த ஒரு அலகில்தான். எங்கள் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பேரேடுகளும் கூட்ட நடவடிக்கைப் புத்தகங்களும் பரண்மேல் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தி, ஊர்மக்கள் பார்க்கும்படி ஒரு சிறு கண்காட்சியாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்பாவின் தறி வருமானத்தில் இதற்குமேல் படிக்க வழியில்லை. இத்துறைக்கென்று இந்தியாவில் உதவித்தொகையோ ஆய்வு நல்கையோ உண்டா? வெளிநாட்டில் ஓராண்டுப் படிப்புக்கு முயல்வது அறிவுடைமையா? இணையத்தில் தேடினால் அமெரிக்கச் சங்கங்களின் அறிவிப்புகளே மிகுதியாக வருகின்றன.

பதில் 1: ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்

மகளே, "ஆவணக் காப்பகம்" என்ற பெயரைத் தாங்கிய உதவித்தொகையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பணம் வேறு பெயர்களில் இருக்கிறது.

முதலில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. நூலக மற்றும் தகவல் அறிவியல் அதில் தனிப் பாடம். இளநிலை ஆய்வு நல்கைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். இந்த விகிதம் 2023 முதல் நடப்பில் உள்ளது. நல்கைக்கான வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. ஆய்வுத் தலைப்பு உங்கள் கையில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்க ஆவணங்களைப் பற்றியே ஆய்வு செய்யலாம், வழிகாட்டி இசைந்தால். இந்த "இசைந்தால்" என்ற சொல்லில்தான் பலருடைய ஆசை அடிபட்டுப் போயிருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

வரலாற்றுத் துறையின் வழியாகப் போவதானால், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும் இளநிலை ஆய்வு நல்கை வழங்குகிறது. ஆனால் அதற்கு முனைவர் பட்டப் பதிவு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பயிற்சிதான் உடனடித் தேவை என்றால், தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஆவணக் காப்பியல் பள்ளியின் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளைப் பாருங்கள். சில வாரங்களில் முடிபவை; சிதைந்த தாளைச் செப்பனிடுவதைக் கையால் செய்து பழகலாம்.

பதில் 2: கிளாஸ்கோவிலிருந்து

அமெரிக்க அறிவிப்புகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் நேரம் மிஞ்சும். அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கத்தின் மொசைக் உதவித்தொகை போன்றவை அமெரிக்க, கனடியக் குடிமக்களுக்கோ அங்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கோ உரியவை. நாம் அவற்றைப் படித்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவே.

நெசவாளர் குடும்பம் என்று எழுதியிருப்பதால், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையை யாராவது உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். பட்டியல் சாதியினருக்கும், சீர்மரபினருக்கும், நிலமற்ற வேளாண் தொழிலாளருக்கும், மரபுவழிக் கைவினைஞருக்கும் உரிய திட்டம் அது. ஆனால் 2022இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அதில் இடமில்லை. கைவினைஞர் வீட்டுப் பிள்ளை தன் தொழிலின் வரலாற்றைப் படிக்க அயல்நாடு போக அத்திட்டம் உதவாது என்பது எனக்கு இன்னும் செரிக்காத விதி. ஆகவே விண்ணப்பத்தில் உழைப்பைச் செலுத்துமுன் நடப்பு ஆண்டின் விதிகளை வரி வரியாகப் படியுங்கள்.

பிரித்தானியாவில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி, லிவர்பூல், கிளாஸ்கோ ஆகிய இடங்களில் ஆவண மேலாண்மைக்கு முதுநிலைப் படிப்புகள் உள்ளன. பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டுப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறது, படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகையோ வளர்ச்சி சார்ந்த கருப்பொருள்களின் கீழ்தான் விண்ணப்பங்களை எடுத்துக்கொள்கிறது. "பழம்பொருளைக் காக்க விரும்புகிறேன்" என்று எழுதினால் அது எடுபடாது. ஓர் ஊரின் கணக்கும் பதிவும் அழிந்தால் அங்குள்ளவர்கள் தம் உரிமையை எதைக் காட்டி நிலைநாட்டுவார்கள் என்று எழுத வேண்டும். அது உண்மையும்கூட.

இரண்டாண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருவதே என் அறிவுரை.

பதில் 3: மின்னாக்கப் பணியாளர்

மேலே உள்ளவர்கள் படிப்புக்கு வழி சொன்னார்கள். நான் பேரேடுகளுக்கு வழி சொல்கிறேன், ஏனெனில் இரண்டும் ஒன்றாகவே போகக்கூடும். பிரித்தானிய நூலகம் 2004 முதல் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகாது. மின்படிகள் மட்டுமே பிரித்தானிய நூலகத்திலும் நம் நாட்டிலும் வைக்கப்படும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதன் நிதியில் பணி செய்திருக்கின்றன. பிரெஞ்சு நிறுவனம் தேடியெடுத்தவை 1870 முதல் 1940 வரையிலான கிராமப் பஞ்சாயத்து வழக்குப் பதிவுகள். கூட்டுறவுச் சங்கப் பேரேடுகள் காலத்தால் பிற்பட்டவை என்றால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நூலகம் இருபதாம் நூற்றாண்டு ஆவணங்களுக்கென நடத்தும் திட்டம் கூடுதலாகப் பொருந்தும். இத்தகைய திட்டங்களில் நிதி ஒரு நிறுவனத்தின் பெயரில் வரும். அதில் ஊதியம் பெறும் பணியாளராக நீங்கள் சேரலாம். செவனிங் கேட்கும் மணிக் கணக்கும் அங்கேயே சேர்ந்துவிடும்.

பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ், காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருந்து பணி செய்வதற்கு நல்கை வழங்குகிறது. கண்காட்சி ஆசை உள்ளவர்களுக்கு அது ஏற்றது.

இனி, பணம் வரும்வரை காத்திராமல் செய்ய வேண்டியவை. பரணிலிருந்து இறக்கும்போது எந்தக் கட்டு எதன்மேல் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டே இறக்குங்கள், தலைப்புவாரியாக அடுக்கிவிடாதீர்கள். அந்தப் பழைய வரிசையே ஒரு சான்று. பூச்சி மருந்தைத் தாளின்மேல் தெளிக்க வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பெயர், தொடக்க நாள், முடிவு நாள், சேத நிலை என ஒரு வரி எழுதுங்கள். நல்கைக் குழுவினர் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.

நெசவாளர் மகள்

மூவருக்கும் நன்றி. சங்கத் தலைவரிடம் பேசினேன். எடுத்துப் பார்க்கத் தடையில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார். அது போதுமா?

மின்னாக்கப் பணியாளர்

போதாது. தலைவர் மாறினால் அனுமதியும் மாறிவிடும். நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, ஆவணங்கள் சங்கத்தின் உடைமையாகவே இருக்கும், படியெடுக்கவும் பொதுப்பார்வைக்கு வைக்கவும் இசைவு உண்டு என்ற இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். உறுப்பினர்களின் கடன் விவரம் உள்ள பேரேடுகளை எந்த ஆண்டுவரை வெளியிடலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.