ஒரு பொடியன், இரண்டு முதலாளி

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் அண்ணாவும் நானும் சின்ன விடுதி நடத்துகிறோம். மே மாதம் சீசன் தொடங்கினால் தலை சுற்றும். நான் பொடியனை அறை துடைக்க விட்டால் அண்ணா அவனையே ஐஸ் வாங்க அனுப்பிவிடுவார், கடைசியில் கட்டில் விரிப்பெல்லாம் கொடியிலேயே கிடக்கும், வந்தவர்கள் பையோடு வாசலில் நிற்பார்கள். இன்னொரு ஆள் எடுக்கவா?

பதில்: எடுத்தால் சம்பளம்தான் கூடும். ஒரு வேலையாளுக்குக் கட்டளை ஒருவரிடமிருந்தே வர வேண்டும் என்று பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி ஃபயோல் 1916இலேயே எழுதிவிட்டார், அவருடைய 14 முகாமைத்துவத் தத்துவங்களில் ஒன்று. உயர்தர வணிகக் கல்வியில் படித்திருப்பீர்களே!

இன்னொருவர் பதில்: தத்துவம் சரி, அதை அண்ணாவிடம் யார் சொல்வது? சந்தையும் சமையலும் அவருக்கு, அறைகள் உங்களுக்கு என்று பிரித்துவிடுங்கள்.

கேட்டவர்: பொடியன் என் பக்கம் என்றால் ஐஸ்?

பதில்: அண்ணாவிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதுதானே.