டே-சாக்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். இனி ஜீன் டெஸ்ட் எடுத்து என்ன பயன்?

கேட்டவர்: மலர், விருதுநகர்

வணக்கம். என் மகளுக்கு இப்போது 14 மாதம். ஆறாவது மாதத்தில் கையை ஊன்றி உட்காரப் பழகியிருந்தாள். எட்டாவது மாதத்தில் அது போய்விட்டது. கிலுகிலுப்பையை எட்டிப் பிடித்த பிள்ளை இப்போது அந்தப் பக்கமே திரும்புவதில்லை. குக்கர் விசில் அடித்தால் மட்டும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடுகிறாள். பத்து விசில் அடித்தால் பத்து தடவையும்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரையில் சிவப்புப் புள்ளி இருக்கிறது என்றார். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். ஹெக்சோசமினிடேஸ் ஏ என்கிற நொதி அறவே இல்லையாம். டே-சாக்ஸ், மூளை நரம்பைக் கெடுக்கிற பரம்பரை நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜீன் டெஸ்ட் பற்றிக் கேட்டதற்கு, "வைத்தியமே இல்லாத நோய்க்கு அது எதற்கு, காசுதான் வீண்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை. மாமியாரும் அம்மாச்சியும் எனக்கு ஒரே ஆள்தான். என் அம்மா இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. "என் தம்பிக்கு உன்னைக் கொடுத்த பாவி நான்தானே" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். அவளிடம் என்ன சொல்ல? அடுத்த குழந்தையை நாங்கள் நினைக்கலாமா?

பதில்: தென்றல், திருச்சி

மலர், குக்கர் விசிலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் மேலே படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அது கதவுத் தாழ்ப்பாள். அவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தாழ்ப்பாள் போட்டால் போதும், என் மகன் உடம்பெல்லாம் விறைத்துப் பதறுவான். பழைய பனியன் துணியைத் தாழ்ப்பாளில் சுற்றிக் கட்டினோம். அவன் போய் ஏழு வருடம் ஆகிறது, அந்தத் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

ஜீன் டெஸ்டை உடனே எடுங்கள். உங்கள் மகள் உங்களோடு இருக்கும்போதே எடுங்கள். இப்படிச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். என் மகன் இரண்டரை வயதில் போனபோது நோயின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. யாரும் அவன் ரத்தத்தை எடுத்து வைக்கவில்லை. அடுத்து நான் உண்டானபோது, பழைய கண் ரிப்போர்ட்டில் இருந்த "சிவப்புப் புள்ளி" என்ற ஒரு வரியை ஒரு டாக்டர் கவனித்தார். அதை வைத்துத்தான் எங்கள் இருவர் ரத்தத்திலும் தேடினார்கள். முடிவு வருவதற்குள் எனக்கு 17 வாரம். நஞ்சுக்கொடியில் திசு எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. பனிக்குட நீரை எடுத்தார்கள். பதில் வரும்போது 20 வாரம். பிள்ளை வயிற்றில் உதைக்க ஆரம்பித்திருந்தது. அந்த மூன்று வாரமும் வயிற்றில் கை வைக்கவே பயந்தேன். அவள் நன்றாகப் பிறந்தாள், இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. நீங்கள் அப்படிக் காத்துக் கிடக்க வேண்டாம்.

இன்னொன்று, சாப்பாடு. விழுங்குவது மெல்ல மெல்லக் குறையும். படுக்க வைத்துப் புகட்டாதீர்கள், நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீராக இருப்பதுதான் புரையேறும். என் மகனுக்கு ராகிக் கூழைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சினால் இறங்கியது. ஒரு வாய் கொடுத்தால் தொண்டையைப் பார்த்து, இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இருமல் கூடினால் மூக்கு வழியாக ட்யூப் வைக்கச் சொல்வார்கள். நான் மாட்டேன் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தேன், நெஞ்சில் சளி கட்டி அவனைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

பதில்: மரபியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்

சகோதரி, தென்றல் அக்கா சொல்வது சரி. நொதி இல்லை என்று தெரிந்திருப்பதே பெரிய உதவி. அந்த நொதியை உண்டாக்கும் ஹெக்ஸ்-ஏ ஜீனில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதும் கையில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் நேராக அந்த இடத்தைப் பார்த்துவிடலாம். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் போதும். பாப்பா, நீங்கள், உங்கள் கணவர் மூவரும் கொடுங்கள். டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்து வைக்கவும் சொல்லுங்கள்.

அந்த நொதிதான் மூளை நரம்புச் செல்லில் சேரும் ஒரு கொழுப்புப் பொருளை வெட்டி அப்புறப்படுத்துகிறது. அது இல்லாவிட்டால் கொழுப்பு செல்லுக்குள்ளேயே தங்கிச் செல்லை ஊதவைத்துக் கெடுக்கிறது. ஒவ்வொருவரிடமும் இந்த ஜீன் இரண்டு பிரதியாக இருக்கும். அதில் ஒன்று மட்டும் பழுதாக இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, ஆயுள் முழுக்கத் தெரியாது. அப்பா, அம்மா இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்ததால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

உங்கள் வீட்டில் அது அம்மாச்சியிடமோ தாத்தாவிடமோ இருந்து, உங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் ஜீன்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு பொது. அதனால்தான் ஆபத்து கூடியது. யாரும் தெரிந்து செய்ததில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் வழிவந்த அஷ்கனாசி யூதர்களில் ஏறக்குறைய முப்பதில் ஒருவரிடம் இந்தப் பழுது இருக்கிறது. அமெரிக்காவில் 1971-இல் அவர்களே ஜெபக்கூடங்களில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமூகத்தில் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்திலும் உறவுக்குள் அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன் பார்த்துவிடலாம்.

பதில்: ஒரு அப்பா, சேலம்

என் அண்ணன் பிள்ளைக்கும் இதேதான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் உட்கார்ந்துவிடுவான் என்று ஒருவர் சொன்னதை நம்பி, அண்ணன் நிலத்தை அடகு வைத்தான். ஒரு மாற்றமும் இல்லை. ஜீன் சிகிச்சை இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது. அந்தப் பணம் சளியை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் மெஷினுக்கும் வலிப்பு மருந்துக்கும் இருந்திருக்கும்.

மலர், விருதுநகர்

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம். தம்பிக்குப் பெரிய மாமா மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துக் காட்டியதும் அம்மா, "எனக்கும் எடுக்கச் சொல்லு, அவனுக்கும் எடுக்கச் சொல்லு" என்றாள். நேற்றிலிருந்து குக்கரை எடுத்து மேலே வைத்துவிட்டேன். சோற்றைப் பானையில் வடிக்கிறேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.