வரிக்குதிரை மீனின் இரண்டு நெஃப்ரான்கள் மனிதச் சிறுநீரகத்திற்குச் சான்றாகுமா?

கேள்வி:
மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் (இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உருவாக்கும் நுண்ணலகுகள்) உள்ளன. வரிக்குதிரை மீன் குஞ்சுக்கோ மொத்தமே 2. அப்படியிருக்க, மருந்துகளால் சிறுநீரகத்திற்கு நேரும் சேதத்தை அறிய ஆய்வகங்கள் இந்த மீனை ஏன் இவ்வளவு நாடுகின்றன? முதுநிலை ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பதால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
எண்ணிக்கை குறைவாக இருப்பதே இங்கு பெரும் வசதி. அவ்விரு நெஃப்ரான்களும் உடலின் நடுவே ஒரே கிளாமருலஸை (இரத்தம் வடிகட்டப்படும் நுண்குழாய் முடிச்சு) பகிர்ந்துகொள்கின்றன. போடோசைட்டுகள் (அம்முடிச்சைச் சூழ்ந்த வடிகட்டும் செல்கள்), அண்மை நுண்குழல், சேய்மை நுண்குழல் ஆகியவை மனிதனில் உள்ளதைப் போன்றே வரிசையாக அமைந்துள்ளன (சிறுநீரைச் செறிவாக்க உதவும் ஹென்லே வளைவு மட்டும் கிடையாது). கருவுற்ற 2 நாட்களிலேயே வடிகட்டல் தொடங்கிவிடும். குஞ்சின் உடல் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டதால், டெக்ஸ்ட்ரான் என்னும் ஒளிரும் சர்க்கரைச் சேர்மத்தை இரத்தத்தில் செலுத்தி, அது வெளியேறும் வேகத்தை உயிருள்ள மீனிலேயே காணலாம். நன்னீர் மீனின் உடலுக்குள் நீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருப்பதால், அதை வெளியேற்றுவதே அதன் சிறுநீரகத்தின் தலையாய பணி. சிறுநீரகத்தைப் பாதிக்கவல்ல ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தப்பட்டு நுண்குழல் செல்கள் சிதைந்தால், குஞ்சு நீர் கோத்து வீங்குவது எளிய நுண்ணோக்கியிலேயே புலப்படும்.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால், வீக்கத்தை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் இதயக் குறைபாட்டாலும் குஞ்சுக்கு நீர் கோக்கும். டெக்ஸ்ட்ரான் வெளியேற்றம், நுண்குழல் செல்களின் அமைப்பு ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மீனின் நைட்ரஜன் கழிவு பெரும்பாலும் செவுள்கள் வழியே அம்மோனியாவாக நீங்குவதால், மருத்துவமனையில் யூரியா அளவைக் கொண்டு செய்யும் கணிப்பை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. மார்ஃபோலினோ என்னும் செயற்கை மூலக்கூறு கொண்டு மரபணுவை அடக்கினால், தொடர்பற்ற பக்க விளைவுகளும் தோன்றக்கூடும். கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் உருவாக்கிய மரபுப்பிறழ்வு மீனுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சேதமடைந்த சிறுநீரகம் மீள்வதையும் இதே குஞ்சில் ஆராயலாமா?

மறுமொழி 1:
சேதமடைந்த நுண்குழலில் எஞ்சிய செல்கள் பெருகிச் சீரமைவதைக் குஞ்சில் காணலாம். புதிய நெஃப்ரான் உருவாவதை ஆராய, நூற்றுக்கணக்கான நெஃப்ரான்களைக் கொண்ட வளர்ந்த மீன் தேவை. அதற்கு ஜென்டாமைசின் செலுத்தினால், சில வாரங்களில் முற்றிலும் புதிய நெஃப்ரான்கள் தோன்றுகின்றன. அவற்றை உருவாக்கும் முன்னோடிச் செல்களை 2011இல் அடையாளம் கண்டனர். மனிதனில் பிறப்பதற்குச் சற்று முன்பே, கருவுற்ற ஏறத்தாழ 36ஆம் வாரத்தில், புதிய நெஃப்ரான் உருவாவது நின்றுவிடுகிறது. மீனால் இயல்வது நம்மால் ஏன் இயலவில்லை என்பதே என்னை இத்துறையில் நிறுத்தி வைத்திருக்கும் கேள்வி; தாங்களும் அதை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.