பின்பக்கச் சமையலறைக்குப் பெர்மிட்: பினாங்கில் எடுத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஆயர் ஈத்தாமில் எங்களுடையது ஒரு மாடி டெரஸ் வீடு. அம்மா இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். சமையலறை வாசலில் சக்கரம் இடிக்கிறது. தள்ளி உள்ளே கொண்டுபோனாலும் திருப்ப இடமில்லை. அதனால் பின்பக்கம் கொஞ்சம் நீட்டிக் கட்டப் போகிறோம்.

பார்க்க வந்த கட்டடக் குத்தகையாளர், "பெர்மிட் எல்லாம் எதற்கும்மா, அப்படியே கட்டிவிடலாம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி, இருக்கும் வீட்டை நீட்டவும் மாநகர் கழகத்தின் அனுமதி வேண்டும். நாளைக்கே யாராவது புகார் கொடுத்து இடிக்கச் சொன்னால், அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிய சிக்கல் பக்கத்து வீடுதான். பொதுச் சுவரை ஒட்டிக் கட்டுவதால் அவர்களுடைய சம்மதக் கடிதம் வாங்கிவைக்கச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில். நல்ல மனிதர், மறுக்க மாட்டார். ஆனால் மின்னஞ்சலில் வரும் கடிதத்தை ஏற்பார்களா, இல்லை மூலக் கையெழுத்துதான் வேண்டுமா? இப்படி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், வீட்டுக் கடன் முடியாததால் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) வங்கியில் இருக்கிறது. அதற்குப் பதிலாக, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்ட நில அலுவலகத்தில் எடுக்கும் தேடல் சான்று போதுமா?

பிளான் வரைந்து கொடுக்க, பதிவு பெற்ற வரைவாளர் ஒருவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழ் பேசுபவராக இருந்தால் அம்மாவும் தன் தேவையை நேரில் சொல்லுவார். தீபாவளிக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.