டூன் வாங்கச் சொல்வதற்கு முன்

அறிவியல் புனைகதையோ ஃபேன்டஸியோ, நூலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது அரைப் பரிந்துரைதான். எங்கே தொடங்குவது, எந்த மொழிபெயர்ப்பை வாங்குவது, எந்த இடம் இழுக்கும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நூல்கள்கூடப் பாதியில் மூடப்பட்டுவிடும்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ (1965) இதற்குச் சரியான உதாரணம். முதல் அத்தியாயத்திலேயே பெனெ கெஸரிட், கோம் ஜப்பார், க்விசாட்ஸ் ஹடராக் என்று சொற்கள் வந்து விழும். பின்பக்கத்தில் சொற்பட்டியல் இருக்கிறதே என்று ஒவ்வொன்றுக்கும் புரட்டப் போனால் கதை கைநழுவிவிடும். அங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பதினைந்து வயதுப் பையன் ஒரு பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறான். கை வெந்து கருகுவது போல வலிக்கிறது. கழுத்தருகே விஷ ஊசி, கையை எடுத்தால் சாவு. தாங்குகிறானா என்று ஒரு கிழவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது புரிந்தால் போதும், சொற்கள் போகப் போகப் பழகிவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துரோகி யார் என்பதை ஹெர்பர்ட் தொடக்கத்திலேயே உடைத்துவிடுகிறார். மர்மத்தை எதிர்பார்த்து உட்காருபவர் அங்கேயே சலித்துப்போகிறார். நமக்குத் தெரிந்தது அந்தப் பையனின் குடும்பத்துக்குத் தெரியவில்லையே என்ற பதைப்பில்தான் முதல் பகுதி ஓடுகிறது.

டூன் வரிசையில் ஹெர்பர்ட் எழுதியவை மொத்தம் ஆறு. முதலாவதோடு ‘டூன் மெசையா’வையும் (1969) சேர்த்தே கொடுங்கள். நாயகனின் வெற்றிக்கு என்ன விலை என்பது அதில்தான் வருகிறது. மற்ற நான்கும் விருப்பப்பட்டவருக்கு.

* * *

டூன் பற்றி இவ்வளவு போதும். மொழிபெயர்ப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

ஸ்டானிஸ்வாவ் லெம்மின் ‘சோலாரிஸ்’ 1961இல் போலிஷ் மொழியில் வந்தது. 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்போ பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்தது. போலிஷிலிருந்து நேராகச் செய்த பில் ஜான்ஸ்டனின் ஆங்கிலம் 2011இல்தான் வந்தது, ஒலிநூலாகவும் மின்நூலாகவும். கையில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது சுலபம்: நாயகி ரேயா, சக விஞ்ஞானி ஸ்னோ என்றிருந்தால் பழையது. ஹாரே, ஸ்னாவுட் என்றிருந்தால் புதியது. நாயகன் நூலகத்தில் உட்கார்ந்து, சோலாரிஸ் கிரகத்தை மூடியிருக்கும் உயிருள்ள கடலைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றைப் படிக்கும் பக்கங்களைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்ட வேண்டாம் என்று வற்புறுத்துங்கள். அத்தனை அறிவியலும் அந்தக் கடல் முன்னால் தோற்பதுதான் நாவலே.

லியூ ட்சி-ஷின்னின் ‘த்ரீ-பாடி ப்ராப்ளம்’ ஆங்கிலத்தில் 1967ஆம் ஆண்டின் சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காட்சியோடு தொடங்கும். சீன நூலில் அந்தப் பகுதி நடுவில்தான் இருந்தது. விண்வெளிக் கதை என்று எடுத்தவர் குழம்புவார், ஆனால் வானியற்பியலாளர் யே வென்ஜியே பின்னால் எடுக்கும் முடிவுக்கு வேர் அந்தக் காட்சிதான். இரண்டாம் பாகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேறு, நடை மாறுவதை உணரலாம்.

* * *

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக எதை ரசித்துப் படித்தார் என்பது. சுஜாதாவின் ஜீனோ பிடித்தவருக்கு அசிமோவின் ‘ஐ, ரோபாட்’ (1950) பொருந்தும். ஒன்பது கதைகள், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதில் ‘ரன்அரவுண்ட்’ கதையை முதலில் காட்டுங்கள். புதன் கிரகத்தில் ஒரு ரோபோ செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடும். போய் எடுத்துவா என்ற கட்டளை லேசாகச் சொல்லப்பட்டது. குட்டையருகே ஆபத்து, தன்னைக் காத்துக்கொள்ளும் விதியோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே பதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சமமாக மோதும் தூரத்தில் அது மாட்டிக்கொள்கிறது. ரோபோக்களுக்கு அசிமோவ் வகுத்த மூன்று விதிகளையும் விளக்க இதைவிடத் தெளிவான கதை கிடையாது.

டெர்ரி ப்ராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை ஃபேன்டஸி வரிசையில் 41 நாவல்கள். முதல் நூலிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். முதல் இரண்டும் அன்றைய ஃபேன்டஸியைக் கேலி செய்பவை, அந்த ஃபேன்டஸிகளைப் படிக்காதவருக்குச் சிரிப்பு வராது. எட்டாவதான ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) நல்ல வாசல்.

தொடர் முடிந்ததா இல்லையா என்பதையும் மறைக்காதீர்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் ஐந்தாம் பாகம் 2011இல் வந்ததோடு சரி. முடிந்த தொடர்தான் வேண்டும் என்பவருக்கு ‘வீல் ஆஃப் டைம்’: 14 பாகங்கள். ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு கடைசி மூன்றை அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். பத்தாம் பாகத்தில் கதை ஏறக்குறைய நின்றுவிடும், பலர் அங்கேதான் விடுகிறார்கள். எப்படியாவது பதினொன்றுக்குப் போகச் சொல்லுங்கள். ஜோர்டன் அதில் பழைய வேகத்தை மீட்டுவிடுகிறார்.