குடும்ப வருமானம் ரூ.25,000: முதல் வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?

கேள்வி: கொருக்குப்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒன்பது ஆண்டுகளாகக் கொருக்குப்பேட்டையில் போக்கியத்துக்குக் குடியிருக்கிறோம். கணவர் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார்; அவருடைய சம்பளம் ரூ.18,000 வங்கிக் கணக்கில் வருகிறது. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்து மாதம் ஏழாயிரம் ரூபாய் வரை சம்பாதிக்கிறேன். அது முழுவதும் ரொக்கம். அளவும் கூலியும் எழுதி வைத்திருக்கும் பள்ளிக்கூட நோட்டைத் தவிர அதற்கு வேறு கணக்கு இல்லை.

கொடுங்கையூரில் 400 சதுர அடியுள்ள பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை ரூ.20 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். போக்கியப் பணம் ரூ.4 லட்சமும், சீட்டு எடுத்தால் ரூ.1.5 லட்சமும் கைக்கு வரும். மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்றும், குறைவதை அரசு மானியம் ஈடுகட்டிவிடும் என்றும் தரகர் உறுதியாகச் சொல்கிறார். இந்த வாரமே ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பெரம்பூர்

சகோதரி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.900 வரும். வருமானத்தில் பாதி வரை தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி எடுத்துக்கொண்டாலும், கணவரின் சம்பளத்தை மட்டும் பார்த்தால் ரூ.10 லட்சமும், உங்கள் தையல் வருமானத்தையும் சேர்த்தால் சுமார் ரூ.14 லட்சமும்தான் கிடைக்கும். ஏற்கெனவே நகைக் கடனோ வண்டிக் கடனோ இருந்தால் இது இன்னும் குறையும்.

ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் அந்த மதிப்பை நிர்ணயிப்பவர் வங்கியின் மதிப்பீட்டாளர்; நீங்கள் பேசிய விலையைவிட அவர் குறைத்துப் போட்டால், அந்தக் குறைந்த தொகையை வைத்துத்தான் கடன் கணக்கிடப்படும். பழைய கட்டடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பலர் மறந்துவிடும் செலவு பத்திரப் பதிவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து, 20 லட்சத்துக்கு ரூ.1.8 லட்சம் ஆகிறது. இதை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வழக்கறிஞர் கருத்து, பரிசீலனைக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்தால் மொத்தத் தேவை 22.2 லட்சத்தைத் தொடும். உங்களிடம் இருப்பது 5.5 லட்சம், வங்கி 14 லட்சம் கொடுத்தாலும் சுமார் 2.7 லட்சம் இடிக்கிறது. அந்த இடைவெளியைத் தண்டல் பணத்தால் அடைக்க நினைக்காதீர்கள், அம்மா. தண்டலுக்கும் வங்கித் தவணைக்கும் சேர்த்துக் கட்ட இந்த வருமானம் தாங்காது.

தரகர் சொல்லும் மானியம் உண்மையிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0இல், ஆண்டு வருமானம் ரூ.9 லட்சத்துக்குள் உள்ளவர்கள், குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லாவிட்டால் விண்ணப்பிக்கலாம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அதிகபட்சம் ரூ.1.80 லட்சம் கிடைக்கும். ஆனால் அது ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே அதை முன்பணமாக எண்ணவே கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது, தையல் கூலியை இன்றிலிருந்தே வங்கிக் கணக்கில் போடுங்கள் என்பதுதான். வாடிக்கையாளர்களை ஜிபே வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஓராண்டு வரவு இருந்தால் வங்கி உங்களை இணை விண்ணப்பதாரராக ஏற்க வாய்ப்பு அதிகம். வீட்டுக் கடன் நிறுவனங்கள் சில, ஆளை அனுப்பித் தையல் எந்திரத்தையும் அந்த நோட்டையும் பார்த்தே வருமானத்தை மதிப்பிடுகின்றன. ஆனால் அங்கே வட்டி கூடுதல். 12 சதவீதமானால் லட்சத்துக்கு ரூ.1,100 கட்ட வேண்டியிருக்கும்.

பதில்: வியாசர்பாடி வாசகர்

ஐயா சொன்ன கணக்கோடு பத்திரத்தையும் பாருங்கள். 2019இல் நான் அரசு வாரியம் ஒதுக்கிய வீடு ஒன்றுக்கு அட்வான்ஸாக ரூ.80,000 கொடுத்தேன். விற்றவரிடம் இருந்தவை ஒதுக்கீட்டு ஆணையும் பவர் பத்திரமும் மட்டுமே; முதல் ஒதுக்கீட்டாளர் பாக்கியைக் கட்டி முடிக்காததால் கிரயப் பத்திரமே போடப்படவில்லை. மூன்று வங்கிகள் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்த உடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டன. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

எனவே தாய்ப்பத்திரத்தின் (முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்) அசலையும், பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும், கட்டட வரைபட அனுமதியையும் கேளுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை உரிமையாளரிடம் தாய்ப்பத்திரத்தைக் கேட்டோம். நகல் மட்டும் காட்டினார், அசல் அண்ணனிடம் இருப்பதாகச் சொன்னார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கணவர் இப்போது 16 லட்சத்துக்குள் வீடு தேடலாம் என்கிறார். அந்த விலைக்கு, பதிவுச் செலவும் மற்ற கட்டணங்களும் சேர்த்து, சுமார் 12.3 லட்சம் கடனும் ரூ.11,100 தவணையும் வருகிறது. என் பெயரில் கணக்கு தொடங்கி, இந்த வாரக் கூலி ரூ.1,850ஐ இன்று காலை போட்டுவிட்டேன்.