பிளஸ் டூ வேதியியல் செய்முறை: ஆக்சாலிக் அமிலம் பாதியிலேயே பழுப்பாகிறது

பிளஸ்டூ_மாணவி:
1500 மி.லி. கரைசலில் உள்ள ஆக்சாலிக் அமிலத்தின் எடை காணணும். திட்டக் கரைசல் (திறன் தெரிந்தது) 0.1 நார்மல் (திறனின் அலகு) பெரஸ் அம்மோனியம் சல்பேட், இரண்டையும் ஒப்பிட உதவும் இணைப்புக் கரைசல் பெர்மாங்கனேட். பெரஸ் கரைசலில் பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விட்டு அளக்கும் முதல் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) ஒத்து வருது. ஆக்சாலிக்கோடு செய்யும் இரண்டாவதில் குடுவை பழுப்பாகிக் கலங்குது, அளவும் தடவைக்குத் தடவை மாறுது. எதனால்?

செய்முறை_ஆசிரியர்:
அந்தப் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடும்மா. அமிலம் போதாவிட்டாலோ, சூடு ஆறியிருந்தாலோ, பெர்மாங்கனேட்டை மளமளவென்று விட்டாலோ வரும். 5 எலக்ட்ரான் வாங்க வேண்டிய பெர்மாங்கனேட் 3-உடன் நின்றுவிடுவதால் பியூரெட் (பெர்மாங்கனேட்டை விடும் அளவுக்குழாய்) அளவு கூடும். கலங்கிய குடுவையைக் கொட்டிவிட்டு புதிதாகத் தொடங்கு.

20 மி.லி. ஆக்சாலிக், அதே அளவு 2 நார்மல் நீர்த்த கந்தக அமிலம். 60–70 டிகிரிக்குச் சூடாக்கு. ஆவி எழும்பும், ஆனால் கொதிக்கக் கூடாது. கொதித்தால் ஆக்சாலிக் சிதைந்து அளவு குறையும். முதல் சில துளிகளின் நிறம் போக நேரமாகும், அதுவரை பொறு. மாங்கனீசு அயனி கொஞ்சம் உண்டானதும் அதுவே வினையூக்கி, பிறகு வேகமாக ஓடும். குலுக்கியும் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவுநிலை.

ஆய்வகம்_உதவி:
பெரஸ் கரைசலை மட்டும் சூடாக்கிவிடாதீங்க, காற்றிலேயே ஃபெரிக் ஆகிவிடும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றும், கணக்கே போச்சு. அடர்நிறக் கரைசல் என்பதால் மேல்விளிம்பைப் பார்த்துத்தான் அளவு எடுக்கணும், தொடக்கத்திலும் முடிவிலும். புனலை எடுத்துட்டுப் படிங்க.

பிளஸ்டூ_மாணவி:
நன்றி சார். கூம்புக்குடுவையையும் ஆக்சாலிக்கால் அலசணுமா?

செய்முறை_ஆசிரியர்:
கூடாது. ஒட்டியிருக்கும் அமிலமும் 20 மி.லி.யோடு சேர்ந்துவிடும். குடுவைக்கு வாலைவடிநீர் போதும். 20 மி.லி. அளந்தெடுக்கும் பிப்பெட்டை ஆக்சாலிக்காலும் பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டாலும் அலசு. பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதே.

கணக்குப்பிள்ளை:
மார்க் போவது பெரும்பாலும் கணக்கில்தான். முதல் தரம்பார்த்தலில் 20 மி.லி. பெரஸுக்கு 20.4 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால் அதன் திறன் 20 × 0.1 ÷ 20.4 = 0.09804 நார்மல். இரண்டாவதில் 20.2 என்றால் ஆக்சாலிக் 20.2 × 0.09804 ÷ 20 = 0.09902 நார்மல். படிக ஆக்சாலிக்கின் சமான நிறை (1 நார்மல் கரைசலில் லிட்டருக்கு இத்தனை கிராம்) 63; நீரற்றதற்கான 45-ஐப் போட்டுவிடாதீர்கள். லிட்டருக்கு 6.238 கிராம், 1500 மி.லி.க்கு 9.357 கிராம். லிட்டர் கணக்கோடு நிறுத்திவிட்டு அதையே விடையாக எழுதுகிறவர்கள்தான் அதிகம்.